முதலில் கிணறு, பிறகுதான் வீடு

பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பக்கங்களை வரலாற்று ஆதாரமாக எவரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் ஒரு சமூகம் எதனைப் பெறுமதியுடையதாகக் கருதுகின்றது என்பதை ஆசிரியத் தலையங்கங்களை விட அவை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வெளிவரும் காணி, வீடு விற்பனை விளம்பரங்களை நீண்ட காலம் கவனித்து வந்தவர்களுக்கு அவற்றில் ஓர் ஒழுங்கு புலப்படும். எத்தனை பரப்புக் காணி என்பது முதலில் வரும். நன்னீர்க் கிணறு உண்டு என்பது அடுத்து வரும். பின்னர் பாதை வசதி. வீட்டில் எத்தனை அறைகள் என்பது பெரும்பாலும் அதன் பின்னரே இடம்பெறும். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு விற்பவரின் விளம்பரத்திலோ அறைகளின் எண்ணிக்கை, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம் என்று வரிசை வேறாக இருக்கும். கிணறு என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

வீடு வாங்குபவருக்கும் கட்டுபவருக்கும் கையிலுள்ள பணம் எப்போதும் ஆசையை விடக் குறைவாகவே இருக்கும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தெரிவை எவராலும் தவிர்க்க முடியாது. எமது முன்னோர் இந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டனர், அந்த விடை காலத்துக்குக் காலம் ஏன் மாறியது, அதனை மாற்றியவர்கள் யார் என்பவற்றை நோக்குவது வெறும் பழம்பெருமை பேசுவதாகாது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவோர் பெருகியுள்ள இன்றைய நிலையில் அது அவசரமான விடயமும் ஆகும்.

தண்ணீர் எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு எனப்படுவது மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் பெய்யும் மழையே அங்கு வாழும் இலட்சக்கணக்கான மக்களின் ஆண்டு முழுவதற்குமான சேமிப்பு. அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகள் ஊடாகக் கீழிறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை போன்று தங்கி நிற்கின்றது. உவர்நீரை விட நன்னீர் சற்று அடர்த்தி குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் ஒரு பொது விதி. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓரடி நீர் குறைந்தால் கீழிருந்து 40 அடிக்கு உவர்நீர் மேலெழும்.

இந்த அறிவியல் விளக்கம் பிற்காலத்தது. ஆனால் அதன் விளைவை எமது மக்கள் நாவினால் அறிந்திருந்தனர். ஒரு காணியில் நல்ல தண்ணீரும் அதற்குச் சற்றுத் தள்ளிய காணியில் சவர்த் தண்ணீரும் வருவதை அவர்கள் கண்டனர். ஆகவே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் கிணறு வெட்டப்பட்டது. வீட்டுக்கு நிலையம் எடுக்க வந்த சாத்திரியார் ஈசான மூலையில் கிணற்றுக்கும் அக்கினி மூலையில் அடுப்படிக்கும் இடம் குறித்தார். சுவர் குழைப்பதற்கான நீரும் அந்தக் கிணற்றிலிருந்தே எடுக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் சீதனக் காணியைப் பார்க்க வந்தபோது கிணற்றிலிருந்து ஒரு வாளி நீரை அள்ளிக் குடித்துப் பார்த்ததில் வியப்பில்லை.

காணி தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகளுக்கிடையே துண்டாடப்பட்டது. கிணற்றைத் துண்டாட இயலாது. ஆகவே யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் காணியின் எல்லைகளை விவரித்த பின்னர், அயலிலுள்ள கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் இன்னாருக்கு இத்தனை பங்கு உண்டு என்று எழுதும் வழக்கம் நிலைபெற்றது. அந்த ஒரு வரி இல்லாத காணியை வாங்கியவர் வேலிக்கு அப்பால் உள்ள நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பங்குக் கிணற்றில் யார் எப்போது துலா மிதித்து இறைப்பது என்ற தகராறுகள் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு.

ஆனால் இந்த நீர் வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கின்றது. ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்ட மக்களுக்குப் பல ஊர்களில் சொந்தக் கிணறு இருக்கவில்லை. பிறருடைய கிணற்றில் அள்ளுவதற்கும் உரிமை இருக்கவில்லை. குடத்துடன் கிணற்றடிக்குத் தூரத்தே நின்று, யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரை அவர்கள் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயரிட்டது இந்தக் காரணத்தினாலேயே. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரும் நிலைமை உடனடியாக மாறிவிடவில்லை. கிணறு இன்றியமையாதது என்பதை அதனை வைத்திருந்தவர்களை விட, அது மறுக்கப்பட்டவர்களே நன்கு அறிந்திருந்தனர் என்பதை இங்கு மறக்கலாகாது.

சொற்கள் சொல்லும் வரலாறு

ஒரு வீட்டின் உறுப்புகளுக்கு எம்மவர் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் எது ஆதியில் இருந்தது, எது இடையில் வந்தது என்பது தெளிவாகும். கிணறு, முற்றம், திண்ணை, கூரை, அடுப்பு, வேலி, படலை ஆகியன தமிழ்ச் சொற்கள். குசினி, யன்னல், விறாந்தை, அலுமாரி, மேசை, கதிரை, சாவி ஆகியன போர்த்துக்கேய மொழி வழியாக வந்தவை. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்த அவர்களது நேரடி ஆட்சி எமது வீட்டினுள் இத்தனை சொற்களை விட்டுச் சென்றுள்ளது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்களுள் கக்கூசும் ஒன்று.

இச்சொற்களின் பின்னால் உள்ள மாற்றமும் கவனிக்கத்தக்கது. சாவி என்ற சொல் வேரூன்ற வேண்டுமாயின் பூட்டி வைக்கத்தக்க கதவும் அதற்குள் பாதுகாக்கத்தக்க பொருளும் வேண்டும். யன்னல் என்ற சொல் வேரூன்ற வேண்டுமாயின் அதனைத் தாங்கத்தக்க சுவர் வேண்டும். சாதாரண குடியானவனின் மண் சுவருக்கும் பனையோலைக் கூரைக்கும் இவை நெடுங்காலம் தேவைப்படவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது வேறொன்று. ஓலைக்கூரையில் ஒரு பொறி பட்டாலே முழு வீடும் சாம்பலாகிவிடும். எனவே அடுக்களை தனிக் கொட்டிலாக, தூங்கும் வீட்டிலிருந்து விலகி அமைந்தது. அடுக்களை என்ற சொல்லைப் பேச்சு வழக்கில் குசினி பின்தள்ளிவிட்ட போதிலும், அதனைத் தனியே கட்டும் வழக்கம் ஓட்டு வீடுகள் பரவிய பின்னரும் நீண்ட காலம் தொடர்ந்தது.

இன்று பழைய யாழ்ப்பாண வீடு என்றவுடன் பலரும் நாற்சார் வீட்டையே நினைவுகூர்கின்றனர். நடுவே வானம் பார்த்த முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட அந்த வீடு வசதி படைத்தோருக்கே வாய்த்தது. ஊரில் பெரும்பான்மையோர் மண் வீட்டிலேயே வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரச திணைக்களங்களிலும் பணியாற்றியோர் அனுப்பிய பணமும், பின்னர் அவர்கள் பெற்ற ஓய்வூதியமும் கல் வீடுகளைப் பெருக்கின. 1950 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்த பின்னர் சீமெந்து வீடு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் வீடு எழும்புவது புலம்பெயர்ந்தோர் காலத்தில் தொடங்கிய ஒன்றென எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கும் வீதிக்கும் இடையில்

பழைய வீடுகளில் அறைகள் சிறியன. வெளிச்சமும் குறைவு. பகற்பொழுது கழிந்தது திண்ணையிலும் முற்றத்து வேப்பமர நிழலிலுமே. கோடையில் சோளகம் வீசும் நாட்டில் இது இயல்பான ஏற்பாடு. தடித்த சுவரும் தாழ்ந்த கூரையிறக்கமும் வெயிலைத் தடுத்தன. சில வீடுகளின் வாயிலில் சங்கடப் படலை என்ற ஒன்றும் இருந்தது. கூரையும் இருபுறமும் அமர்வதற்கான திண்ணையும் கொண்ட அந்தப் படலையில் வழிப்போக்கர் எவரும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தன் காணியில் ஒரு பகுதியைத் தனக்கு அறிமுகமில்லாத ஒருவருக்காகக் கட்டி வைத்த அந்த மனப்பாங்கு இன்றைய உயர்ந்த மதில்களைக் காணும்போது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. திண்ணையில் யார் அமரலாம், யார் முற்றத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்கும் சாதி விதிகள் இருந்தன என்பதையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலி இன்னொரு விடயம். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதிகால்களை நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்து அடைக்கும் வேலி வெறும் எல்லைக்கோடு அன்று. அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் குழை தந்தது. வயலுக்குப் பசளை தந்தது. ஆண்டுதோறும் அதனை அடைக்கும்போது எல்லை நகர்ந்ததாகத் தகராறுகளையும் தந்தது. இரு வீட்டுப் பெண்கள் தெருவுக்குச் செல்லாமலேயே போக்குவரத்துச் செய்வதற்கு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கல்மதில் வந்தபோது எல்லைத் தகராறு குறைந்தது. அத்துடன் பொட்டும் இல்லாமற் போயிற்று.

உறுதி யாருடைய பெயரில்?

வீட்டில் இருக்க வேண்டியவை என்று பேசும்போது கல்லையும் மரத்தையும் மட்டும் பேசுவது போதாது. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தினை வகைப்படுத்தியது. சீதனம் பெண்ணுக்குரியது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சென்றன. மணமகன் அவளது வீட்டுக்குச் சென்று வாழ்ந்தான். கணவன் இறந்தாலும் கைவிட்டாலும் பெண்ணின் தலைக்கு மேலே கூரை நிலைத்தது. ஆனால் அந்த அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் கூடவே இருந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தந்தையும் சகோதரர்களும் ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த கதைகளும் ஏராளம்.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. அச்சட்டத்தின் வாரிசு ஒழுங்கு ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளித்தது. 2022 ஆம் ஆண்டிலேயே இது திருத்தப்பட்டது. குடாநாட்டிலிருந்து வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் மகள், ஆனையிறவைக் கடந்ததுடன் தாய் வழியே வந்த உரிமையை இழந்தாள் எனலாம்.

மண்ணுக்குள் ஓர் அறை

1980 களின் நடுப்பகுதியிலிருந்து எமது வீடுகளின் இன்றியமையாத உறுப்புகளின் பட்டியலில், எந்தக் கட்டடக் கலைஞரும் எதிர்பாராத ஒன்று சேர்ந்தது. அது பதுங்கு குழி. வீட்டைச் சூழ்ந்திருந்த பனைகளும் தென்னைகளும் தறிக்கப்பட்டு, குற்றிகள் குழியின் மேல் அடுக்கப்பட்டன. அதற்கு மேல் மண் மூட்டைகள். பாறை மேலாக நின்ற இடங்களில் ஆழமாக வெட்ட முடியாமல் மண் மூட்டைகளைச் சுற்றி அடுக்கியே சமாளித்தனர். மாரியில் குழிக்குள் வெள்ளம் நின்றது. பாம்பும் தேளும் குடிபுகுந்தன. ஆனாலும் வாடகைக்கு வீடு பார்க்கச் சென்றவர்கள் பதுங்கு குழி உண்டா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று இருபது வயதுள்ள பிள்ளைகளுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியுள்ளது.

வீட்டை விட்டு வெளியேறும் காலமும் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை அவர்கள் வெறுங்கையுடன் விட்டுச் சென்றனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினர். திகதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் பூட்டிய வீட்டின் சாவியை மடியில் வைத்துக்கொண்டு வேற்றூரில் காத்திருந்த துயரம் இரு சாராருக்கும் பொதுவானது.

1990 ஆம் ஆண்டு முதல் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கின் காணிகள் போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உரிமையாளர்கள் கண்டது பல இடங்களில் வெறும் பற்றைக்காட்டையே. வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை கூட இல்லை. எஞ்சியிருந்த கிணற்றைக் கொண்டே தமது வளவை அடையாளங் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். முதலில் வெட்டப்பட்டது கடைசியில் சாட்சியாக நின்றது. வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்தால் உரிமை கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டத்தினால் இடம்பெயர்ந்தோர் பாதிக்கப்படாமலிருக்க 2016 ஆம் ஆண்டில் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. வீட்டை இழந்தவர்களுக்கும் உறுதி என்ற காகிதம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்தக் காலம் உணர்த்தியது.

பிறர் எழுதிய பட்டியல்

இதுவரை கூறியவை, நல்லதோ தீயதோ, மக்கள் தாமாகவே வகுத்துக்கொண்டவை. ஒரு வீட்டுக்கு எவை வேண்டும் என்பதை அதில் வாழாதவர் தீர்மானித்தால் என்ன நிகழும் என்பதற்கும் எமது நாட்டில் உதாரணங்கள் உண்டு.

மலையகத்தின் லயன் அறைகள் முதலாவது உதாரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையில் ஒரு குடும்பம் என்ற கணக்கு, தொழிலாளிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததன்று. தோட்டத்துக்கு எத்தனை கைகள் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. கிணறோ, தனிமையோ, காணி உறுதியோ அந்தக் கணக்கில் இல்லை. தேயிலைத் தோட்டங்கள் தோன்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னரே, 2015 ஆம் ஆண்டளவில், ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின்னர் அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று எல்லை குறிக்கப்பட்டது. பாதுகாப்பு என்ற நோக்கில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் கடற்றொழிலாளியின் வீட்டில் இருக்க வேண்டிய முதல் வசதி, வள்ளத்தையும் வலையையும் கண்ணால் காணக்கூடிய தூரம். அதனை வரைபடம் அறியவில்லை. எல்லைகள் பின்னர் தளர்த்தப்பட்டன.

2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னிக்குத் திரும்பியோர் தகரக் கொட்டில்களிலேயே வாழ்க்கையை மீளத் தொடங்கினர். 2010 ஆம் ஆண்டில் இந்தியா 50,000 வீடுகளுக்கான திட்டத்தை அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர்களால் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் பயனாளி ஒருவருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டு, அவர்களே தமது வீட்டைக் கட்டிக்கொண்டனர். தொகை போதவில்லை என்ற முறைப்பாடு எங்கும் கேட்டது. சுவாமி அறை, முன் விறாந்தை, சற்றுப் பெரிய அத்திவாரம் என்று விரும்பியதைச் சேர்த்துக் கடனாளியானோர் பலர். இருந்தபோதிலும் வாசல் எந்தத் திசையில், அடுப்படி எங்கே, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றை அந்த மக்களே தீர்மானித்தனர். ஊர் மேசன்மாருக்கும் தச்சர்களுக்கும் வேலை கிடைத்தது.

இதற்கு நேர்மாறானது 2016 ஆம் ஆண்டில் பெரும் சர்ச்சைக்குள்ளான 65,000 பொருத்து வீடுகள் திட்டம். பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்றின் மூலம், வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவில் இரும்பு வீடுகளை அமைப்பதற்கு மத்திய அரசின் அமைச்சு முனைந்தது. மாதிரி வீடுகள் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தளபாடங்களையும் கொண்ட அந்த வீடுகள் முதற்பார்வைக்குக் கவர்ச்சியாகவே இருந்தன. பொறியியல் பேராசிரியர்களும் வடக்கின் அரசியல் பிரதிநிதிகளும் எழுப்பிய கேள்விகள் வேறு. வெயில் நாட்டில் அதன் உள்ளே வெப்பம் எவ்வாறிருக்கும்? விறகடுப்பு எரிப்பவருக்குப் புகை போக வழி எங்கே? மகளுக்குத் திருமணம் ஆனால் ஓர் அறையை எவ்வாறு கூட்டிக் கட்டுவது? துருப்பிடித்தால் ஊரில் யார் திருத்துவார்? அதே தொகைக்கு எத்தனை கல் வீடுகள் கட்டலாம்? கடும் எதிர்ப்பினால் அத்திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. வீடற்ற சிலர் அதற்கும் விண்ணப்பித்திருந்தனர் என்பது உண்மை. தகரத்தின் கீழே பல மாரிகளைக் கழித்தவர் எந்தக் கூரையையும் மறுக்கும் நிலையில் இருக்க மாட்டார். அதனாலேயே அவருக்காகத் தெரிவு செய்பவரின் பொறுப்பு பெரிது.

இன்று கட்டுவோர் கவனத்துக்கு

இப்பொழுது குடாநாட்டில் எழும்பும் புதிய வீடுகள் பலவற்றின் படங்கள் வெளிநாட்டில் பார்த்த வீடுகளை ஒத்திருக்கின்றன. தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை, பெரிய கண்ணாடி யன்னல், அறைக்கொரு குளியலறை. இவை எல்லாவற்றையும் பழிப்பது நியாயமன்று. முன்னைய காலத்தில் மலசலகூடம் வளவின் கோடியில் இருந்தது. இருட்டில், மழையில், பெண்களும் முதியோரும் நோயாளிகளும் பட்ட துன்பம் சொல்லி முடியாதது. அது வீட்டோடு இணைந்தது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் அந்த முன்னேற்றம் ஓர் ஆபத்தையும் கொண்டு வந்தது. வீட்டுடன் மலக்குழியும் கிணற்றை நெருங்கிவிட்டது. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். முன்பு ஏழெட்டுப் பரப்பில் ஒரு வீடு இருந்த இடத்தில் இன்று இரண்டு பரப்புக்கு ஒரு வீடு, வீட்டுக்கொரு கிணறு, வீட்டுக்கொரு குழி. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை அழுக்கு நீரை வடிகட்டித் தருவதில்லை. கடத்தியே விடுகின்றது. அயல் வீட்டாரின் குழி எங்கே இருக்கின்றது என்பதும் எனவே உங்கள் குடிநீரின் பிரச்சினையாகும். குழிகளின் கசிவுடன் தோட்டங்களில் இடும் இரசாயனப் பசளையும் சேர்ந்து, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவை, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே கொண்டு சென்றுள்ளது. கைக்குழந்தைகளுக்கு இது குறிப்பாகக் கேடு. கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வாசகர்கள் அறிவர். 2024 ஆகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கிணற்று நாட்டில் கடலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டிய நிலை தோன்றியது எவ்வாறு என்பதை நாம் சிந்திக்க வேண்டாமா?

ஆகவே காணியோ வீடோ வாங்க எண்ணுவோர் ஓடுகளின் நிறத்தையும் குளியலறைகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்னர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். உறுதியில் கிணற்றுப் பங்கும் பாதை உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா? உங்கள் குழியும் அயலாரின் குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பதடியாவது விலகி உள்ளனவா? இடம் போதாதெனில் அடியும் பக்கமும் பூசி அடைத்த தொட்டி கட்ட வழி உண்டா? முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசாமல், கூரையில் விழும் மாரி மழையை மீண்டும் நிலத்துக்குள் விடுவதற்கு ஏற்பாடு உண்டா? இந்த நான்கிலும் குறை இருந்தால் பின்னர் எவ்வளவு செலவழித்தாலும் திருத்துவது கடினம். அறையைப் பின்னர் கூட்டிக் கட்டலாம். ஓட்டை மாற்றலாம்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வாழப் போவது யார்? பணம் அனுப்பும் பிள்ளை பெரும்பாலும் அங்கு வாழப் போவதில்லை. எழுபது, எண்பது வயதுத் தாயோ தந்தையோதான் வாழப் போகின்றார். அவருக்கு வேண்டியது மாடிப்படியன்று. படி ஏறாமல் செல்லக்கூடிய, வழுக்காத தரையுடைய ஒரு குளியலறை. மாலையில் அமர்ந்து வீதியில் போவோர் வருவோருடன் ஒரு வார்த்தை பேசுவதற்கு ஒரு திண்ணை. ஆளுயர மதிலுக்குள்ளே கண்ணாடி யன்னல்களுடன் தனித்திருக்கும் வீட்டில் அவர் விழுந்தால் அயலாருக்குத் தெரிவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

புலம்பெயர்ந்த எம்மவர் பலர் நல்லூர்த் திருவிழாக் காலத்திலேயே ஊருக்கு வருகின்றனர். காணி பார்ப்பதற்கும் அதுவே பொருத்தமான காலம். மாரி மழைக்கு முந்திய ஆவணியிலும் புரட்டாதியிலும் கிணறுகள் வற்றி, நீர்மட்டம் மிகவும் கீழே நிற்கும். மார்கழியில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணியில் அந்தக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பாருங்கள். ஒரு போத்தலில் எடுத்துச் சென்று பரிசோதிக்கவும் கொடுங்கள். அதன் பிறகு வீட்டுப் படத்தை விரியுங்கள்.